பட்டாளம் திருப்பிக் கொடுத்த வீடு

பூந்தமல்லியில் கலீலுல்லா சாயபு கட்டிய வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போகிற மனிதருக்குக் கண் தெரியாது என்பது சட்டென்று பிடிபடாது. சாயபுவின் மகன் நஜீர் அப்படி நடப்பார். வாசலைத் தாண்டினால் நீளக் கூடம், அதைத் தாண்டினால் முற்றம். முற்றத்துக்கு வலப்புறம் சமையல்கட்டு, இடப்புறம் சாயபு தொழுதுவந்த சின்ன அறை, கடைசியில் கிணற்றடி. எங்கேயும் அவர் சுவரைத் தொட மாட்டார். கையை வீசிக்கொண்டு போவார். வந்தவருக்கு மோடாவை இழுத்துப் போட்டு, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். நீட்டுகிற திசை கொஞ்சம் தவறும்போதுதான் வந்தவர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பார்.

நாலு வயதில் வந்த பெரியம்மை உயிரை மட்டும் விட்டுவைத்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டு போயிருந்தது. வெளியே தெருவில் அவர் குருடர்தான். கைத்தடியும் யாராவது ஒருவருடைய தோளும் வேண்டும். வாசற்படி ஏறி உள்ளே வந்துவிட்டால் தடியை மூலையில் சாய்த்துவிடுவார். கூடத்தில் நின்று செருமினால் சத்தம் உத்திரத்தில் பட்டுக் கனமாகத் திரும்பும். முற்றத்தில் அதே செருமல் மேலே போய்த் தொலைந்துவிடும். சமையல்கட்டு நெருங்கும்போது உள்ளங்காலில் செங்கல் சொரசொரக்கும். கிணற்றடிப் பக்கமிருந்து ஈரக்காற்று இடது கன்னத்தில் படும். இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்ததில்லை. நமக்கு நம் வாய்க்குச் சோறு கொண்டுபோகத் தெரிகிறது போல அவருக்கு அந்த வீடு தெரிந்தது.

தொழிலும் கூடத்தில்தான். நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவார். ரயிலடி, தாலுகாக் கச்சேரி, வக்கீல் வீடு என்று எங்கெங்கிருந்தோ உட்காருமிடம் பிய்ந்த நாற்காலிகள் வரும். பிரம்பை ஊறப்போட்டு, விரலால் இழுத்து, முடிச்சுப் போட்டு இறுக்குவார். அவர் பின்னிய நாற்காலியில் எவ்வளவு கனத்த ஆள் உட்கார்ந்தாலும் தொய்யாது என்று பேர். வீட்டில் கூட இருந்தவள் தங்கை மஹ்பூபா. புருஷன் இறந்தபிறகு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அண்ணனுக்குக் கண்ணாக இருக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். வீட்டுக்குள் அவள் தொலைத்த ஊசியைக்கூட அவர்தான் தடவி எடுத்துக் கொடுப்பார்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்த வருஷம் அது. ஆவடிப் பக்கம் வயலெல்லாம் பட்டாளத்துக் கொட்டகைகளாக மாறிக்கொண்டிருந்தன. ஒரு பகல் வேளையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும், கூடவே தமிழ் பேசுகிற ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். பூட்ஸ் சத்தம் கூடத்தில் சுற்றியது, முற்றத்துக்குப் போனது, கிணற்றடிவரை போய்த் திரும்பியது. டேப்பு இழுபடும் சத்தமும் கேட்டது.

"வீடு பட்டாளத்து ஆபீசுக்கு வேணும்," என்றார் குமாஸ்தா. "யுத்தம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடுவாங்க. நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணணும்."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்களே," என்றார் நஜீர்.

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி ஏதோ பதில் சொன்னார், குரல் மெதுவாகத்தான் இருந்தது. "ரொம்ப வருத்தப்படறார். ஆனா வீடு வேணும்கிறார்," என்றார் குமாஸ்தா.

குமணன்சாவடியில் ஒரு வண்டிக்கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் எல்லாம் எட்டும். பழகுவதற்கு ஒன்றுமே இல்லாத இடம். அங்கேயும் நாற்காலிகள் வந்தன, பின்னினார். ஆனால் வேலை முடிந்து கயிற்றுக்கட்டிலில் படுத்ததும் மனசுக்குள் எழுந்து சொந்த வீட்டுக்குப் போய்விடுவார். வாசலைத் திறப்பார், கூடத்தில் நடப்பார், முற்றத்தைச் சுற்றுவார், அத்தாவின் தொழுகை அறைக்குள் நுழைவார், கிணற்றடியில் கைகால் கழுவுவார். ஒருநாளும் விடமாட்டார். விட்டால் மறந்துபோகும் என்று பயம்.

"இன்னா அண்ணே, தூங்காம முணுமுணுன்னு இருக்கே?" என்பாள் மஹ்பூபா.

"ஊட்டுக்குப் போய்ட்டு வந்தேன்."

யுத்தம் முடிந்து மறுவருஷம் வீடு திரும்பக் கிடைத்தது. அண்ணனும் தங்கையும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். வாசற்படியில் ஏறியதும் நஜீர் வழக்கம்போலத் தடியைச் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே நடந்தார். மஹ்பூபா "அண்ணே, நில்லு" என்று கத்துவதற்குள் அவருடைய நெற்றி சுவரில் மோதியது.

கூடத்தின் நடுவே நீளவாக்கில் சுவர் வைத்திருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நடை, அந்தப் பக்கம் பெட்டி பெட்டியாக அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை போட்ட தடம் தரையில் இருந்தது. முற்றத்துப் பள்ளத்தை மேடாக்கி சிமெண்டு பூசி மேலே தகரம் போட்டிருந்தார்கள். அத்தாவின் அறை வாசலை அடைத்து, அதற்கு வேறு பக்கமாக வழி விட்டிருந்தார்கள். சமையல்கட்டின் புறச்சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்து, நின்றுகொண்டே வேலை பார்க்கிற மாதிரி மேடை கட்டி, தண்ணீர் போகச் சாக்கடையும் விட்டிருந்தார்கள். துரைமார்களுக்கு டீ போடுகிற இடமாக இருந்திருக்கிறது அது. மஹ்பூபா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அண்ணனுக்குச் சொன்னாள். சமையல்கட்டுக்கு வந்ததும் அவள் பேச்சு நின்றுபோனது.

"அங்க இன்னா?"

"ஒண்ணுமில்லே. வெளிச்சமா இருக்கு," என்றாள்.

நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே நஜீர் செருமிப் பார்த்தார். சத்தம் பக்கத்திலேயே விழுந்து நின்றது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ச் செருமினார். தகரம் ஙொய்யென்று பதில் சொன்னது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. எங்கேயிருந்தோ தெருவின் சத்தம் வந்தது, தெரு இருக்கிற பக்கத்திலிருந்து அல்ல. அவர் கையை முன்னால் நீட்டினார். அந்த வீட்டுக்குள் கையை நீட்டிக்கொண்டு அவர் நடந்து மஹ்பூபா பார்த்ததே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவர் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்திருந்தும்.

எப்படியும் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நஜீர் நினைத்தார். மனுஷன் கட்டியதை மனுஷன் இடிக்க முடியாதா? விசாரித்ததில் பருத்திப்பட்டுக் கொத்தனார் கன்னியப்பன் என்பவர் பேர் வந்தது. சாமான்களோடு வந்து இறங்கிய கன்னியப்பன் கூடத்தில் கால் வைத்ததுமே சொல்லிவிட்டார்.

"பாய், ஒண்ணு சொல்லிப்புடறேன். இத்தெல்லாம் நான் கட்னதுதான். கண்ட்ராக்டர் கூட்டியாந்தாரு, கட்டச் சொன்னாரு, கட்னேன். உங்க ஊடுன்னு அப்ப எனக்குத் தெரியாது."

நஜீருக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. "அப்ப உனக்கு எல்லாம் தெரியும்ல மேஸ்திரி? எது எங்க இருந்திச்சின்னு?"

"எத்தினி ஊடு பாய்! அம்பத்தூர்ல, ஆவடியில, இங்க. ஒண்ண ஆஸ்பத்திரியாக்கு, ஒண்ணக் கிடங்காக்குன்னு ஓடிக்கினே இருந்தோம். ஒண்ணுத்தோட ஒண்ணு கலந்துபூட்ச்சி. நீங்க சொல்லுங்கோ, நான் செய்றேன்."

"நான் சொல்றேன்," என்றார் நஜீர். அப்போது அவர் குரலில் பழைய தெம்பு இருந்தது.

முதலில் சமையல்கட்டு ஜன்னலை அடைக்க வேண்டும் என்றார். அந்த வழியாகத்தான் தெருச்சத்தம் பின்பக்கமிருந்து வந்து அவரைக் குழப்பியது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று நிற்கிற இடத்திலேயே புத்தி சுற்றியது. கன்னியப்பன் செங்கல்லை எடுத்துவரப் போனபோது மஹ்பூபா அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, அத்த மட்டும் உட்டுட முடியுமா?"

"எத்த?"

"ஜன்னல. இந்த ஊட்ல இருந்த நாளெல்லாம் அந்த இருட்டுல பொகைய குடிச்சினு சமைச்சிருக்கேன். உனக்குத் தெரியாது, அங்க எவ்ளோ இருட்டுன்னு. இப்ப அரிசியில கல்லு தெரியுது. நின்னுகினே வேலை செய்றேன், முதுகு வலிக்கலே."

உனக்குத் தெரியாது என்று அவள் சொன்னதில் குத்தல் ஏதும் இல்லை. இருட்டு எப்படியிருக்கும் என்று அவருக்கு நிஜமாகவே தெரியாதுதான். அந்த வீட்டில் அவர் அத்தனை சுகமாக இருந்த காலத்தில் இவள் ஒரு மூலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"அத்த அப்பால பாக்கலாம்," என்றார் கடைசியில். "மொதல்ல அத்தா ரூம்பு வாசலத் தெறக்கட்டும்."

கன்னியப்பனை அத்தாவின் அறைச் சுவருக்குக் கூட்டிப்போனார். கூட்டிப்போனது கன்னியப்பன்தான், வழி சொன்னது இவர். சுவரில் கையை வைத்துத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி உள்ளங்கையால் தட்டினார். "இங்கதான். தெற."

கன்னியப்பன் உளியை வைத்தார். பூச்சு உதிர்ந்தது. செங்கல் வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் அகலமாக உதிர்த்துப் பார்த்தார். பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னா மேஸ்திரி?"

"பாய்... இது பளைய செவுரு. சுண்ணாம்பு வச்சிக் கட்னது. நான் வச்ச கல்லு இல்ல இது. இங்க வாசப்படி இருந்த மாதிரியே தெரில."

"இன்னும் கொஞ்சம் எடு. நெலை வச்ச தடம் இருக்கும்."

கன்னியப்பன் மனசில்லாமல் இன்னும் கொஞ்சம் உதிர்த்தார். தடம் ஏதும் இல்லை. சாயபு காலத்துச் செங்கல்கள் ஒன்றோடொன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. நஜீர் விரல்களால் தடவிப் பார்த்தார். எந்த வாசலும் அங்கே எந்தக் காலத்திலும் இருந்திருக்க முடியாது. குமணன்சாவடியில் படுத்துக்கொண்டு எத்தனை தடவை இந்த வாசலுக்குள் நுழைந்திருப்பார்! ஒவ்வொரு தடவையும் இங்கேதான் நுழைந்தார். போகப் போக மனசுக்குள் இருந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வேறு வீடாகியிருக்கிறது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

"பூபா," என்றார். "எங்க இருந்திச்சி வாசலு?"

மஹ்பூபா பக்கத்தில் வந்தாள். அவர் கையைப் பிடித்து, சுவரோடு கொண்டுபோய், தள்ளி ஓரிடத்தில் வைத்தாள். "இங்கண்ணே. அந்தப் பக்கம் அத்தாவோட அலமாரி இருந்திச்சில்ல, அதுக்கு எதுத்தாப்ல."

"அப்பவே ஏன் சொல்லலே?"

"நீ அவ்ளோ நிச்சயமா சொன்னியே."

"இங்க தெறக்கட்டுமா பாய்?" என்று கேட்டார் கன்னியப்பன்.

நஜீர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. "இங்கன்னு அவ சொல்றா. அங்கன்னா அங்கன்னு நான் நம்பணும். ஒவ்வொண்ணும் அப்படியே கேட்டுக் கேட்டுக் கட்டினா, அது யாரோட ஊடு மேஸ்திரி? உட்டுடு. இருக்கிறபடி இருக்கட்டும்."

மஹ்பூபா அழுதாள், திட்டினாள், வாசலை மட்டுமாவது திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. உதிர்ந்த இடத்தில் மறுபடி பூச சிமெண்டும் கிடைக்கவில்லை, அதற்கும் அப்போது பெர்மிட் வேண்டியிருந்தது. ஆவடியில் வேறு வேலை வந்துவிட்டதென்று கன்னியப்பன் போய்விட்டார். போகும்போது, "கூப்ட்டனுப்புங்கோ பாய், எப்ப வேணா வரேன்," என்றார். நல்ல மனுஷர்தான். யார் கூப்பிட்டு அனுப்புவது?

அதன்பிறகு நஜீர் அந்த நடையில்தான் இருந்தார். கூடத்தின் பழைய சுவர் ஒருபுறம், பட்டாளத்துச் சுவர் மறுபுறம். இரண்டு கையையும் விரித்தால் இரண்டும் தொடும். வீட்டிலேயே அந்த ஓரிடம்தான் அவருக்குப் பிடிபட்டது. நாற்காலிகளையும் பிரம்பையும் அங்கேயே போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

மழைக்காலம் வந்தது. முற்றத்துத் தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுகிற குரல்கூடக் கேட்காது. காதும் போய்விட்டது போல இருக்கும். அப்படி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடிகாலையில் தொழுகைக்குக் கைகால் கழுவக் கிணற்றடிக்குக் கிளம்பினார். மஹ்பூபாவை எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போனவர், சுவர் முடிகிற இடத்தில் சிமெண்டு மேட்டின் விளிம்பைத் தேடிக் காலை வைத்தார். விளிம்பு அங்கே இல்லை. வலக்கையை ஊன்றி விழுந்தார். கத்தினார். மழைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மஹ்பூபா தானாக எழுந்து வரும்வரை நனைந்த சிமெண்டிலேயே கிடந்தார்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போடுகிறவர் வந்து மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. விரல்கள் மடங்கின, இறுக்கிப் பிடிக்க வரவில்லை. அந்தக் கையால் அவர் பின்னிய முதல் நாற்காலியை வக்கீல் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், உட்கார்ந்தால் தொட்டில் மாதிரி இறங்குகிறதென்று. அவரே உட்கார்ந்து பார்த்தார். இறங்கியது. பிறகு நாற்காலிகள் வருவது குறைந்து, நின்றும்போனது.

மஹ்பூபாதான் யோசித்து, கூடத்து அறைகளை ரேஷன் கடைக்கு வாடகைக்கு விட்டாள். கடைக்காரர் வேம்புலி வந்து பார்த்ததும் வாயெல்லாம் பல்லானார். அரிசி மூட்டைக்கு ஓர் அறை, சீனிக்கு ஓர் அறை, மண்ணெண்ணெய் தகரங்களுக்கு ஓர் அறை. ஜனம் நடைவழியாக வரிசையில் வந்து, வாங்கிக்கொண்டு போகலாம். "கடைக்குன்னே அளவெடுத்துக் கட்ன மாதிரி கீதும்மா," என்றார். "இந்தத் தடுப்புச் செவுரு மட்டும் இல்லாங்காட்டி நான் வந்திருக்கவே மாட்டேன்." மஹ்பூபா அதை அண்ணனிடம் அப்படியே சொன்னாள். அவர், "சரிம்மா, நல்லதுதான்," என்றார். அவளைக் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. அடுப்பு எரிய வேண்டும், எரிந்தது. அவள் முகம்கூடத் தெளிந்திருக்கும் என்று குரலை வைத்து நினைத்துக்கொண்டார்.

நடையில் இருந்த அவருடைய பாயைச் சுருட்டி, கடைசி மூலைக்குக் கொண்டுபோனார்கள். அரிசி வருகிற நாளில் காலையிலிருந்து ஜனம் வந்து நிற்கும். அழுகிற பிள்ளைகள், சண்டை, வேம்புலியின் அதட்டல், வியர்வை, மண்ணெண்ணெய் வாசனை. சுதந்திரம் வரப்போகிறது, இந்த மாதத்தில் வருகிறது, அடுத்த மாதத்தில் வருகிறது என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள். நஜீர் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு நாள். மஹ்பூபா உறவில் ஒரு நிக்காஹ் என்று அம்பத்தூர் போயிருந்தாள். பொழுதுசாய வந்துவிடுவேன், சோறு பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பகல் தொழுகை நேரத்துக்கு நஜீருக்குப் பின்பக்கம் போகவேண்டி வந்தது. எழுந்து சுவரைத் தேடிக் கையை நீட்டினார். ஒரு பெண்பிள்ளையின் கூடையில் பட்டது. "கைய எடுய்யா," என்றாள் அவள். மறுபுறம் நீட்டினார். யாருடைய முதுகோ. சுவர் நெடுகிலும் ஜனம் சாய்ந்து நின்றது. பிடித்துக்கொண்டு போகச் சுவரே இல்லை. இரண்டடி எடுத்து வைத்தார், மூன்று பக்கத்திலிருந்தும் இடித்தார்கள். எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பது மறந்துபோனது. திரும்பிப் பாய்க்குப் போகவும் வழி தெரியவில்லை.

அவசரமும் பொறுக்கவில்லை. வாய்விட்டுக் கேட்டார்.

"யாராச்சும் என்னக் கொஞ்சம் கெணத்தடிக்குக் கொண்டுபோய் உடுங்களேன். கண்ணு தெரியாது."

ஒருவர் கையைப் பிடித்தார். காய்த்துப்போன கனமான கை. வண்டிக்காரராக இருக்கும், மாட்டு வாசனை அடித்தது. "வா நைனா. மெதுவா வா. அய்ய, நவுருங்கம்மா, கண்ணு தெரியாதவரு வராரு." ஜனம் விலகியது. வண்டிக்காரர் பேசிக்கொண்டே வந்தார். "இங்க படி கீது, பாத்து. மேட்ல ஏறணும். ஆங், அப்டித்தான். இந்த ஊட்டாண்ட யாரக் காண வந்தே நைனா? ரேஷன் வாங்க வந்தியா?"

"ஆமாம்பா," என்றார் நஜீர்.

அதற்குமேல் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. வண்டிக்காரர் அவரைக் கிணற்றடிக் கல்லில் கைவைக்கச் செய்து, "நீ முடிச்சிக்கினு இங்கியே இரு, என் அரிசிய வாங்கிக்கினு வந்து கூட்டிம்போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நஜீர் முடித்தார். கைகால் கழுவினார். தொழ நிற்கவேண்டிய கிப்லாத் திசை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வெயில் படுகிற கன்னத்தை வைத்துக் குத்துமதிப்பாக நின்று தொழுதார். பிறகு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தார். உள்ளே வரிசையின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. வேம்புலி கதவுகளைச் சாத்திப் பூட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வண்டிக்காரருக்கு அரிசி கிடைத்த சந்தோஷத்தில் மறந்திருக்கும், அல்லது கிடைக்காத கோபத்தில் மறந்திருக்கும். வெயில் இறங்கி, கல் குளிர்ந்தது. மஹ்பூபா வந்து, வீடெல்லாம் தேடிவிட்டு, "இங்க இன்னா பண்றே அண்ணே?" என்று ஓடிவந்தபோது, அவர் தன் கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல், அவள் குரல் வந்த பக்கம் மற்றக் கையை நீட்டினார்.